பதிலுக்கு ஓர் இடம்

சி.ஏ. தேர்வு கடினம் என்பது ஊரறிந்த விஷயம். ஆர்ட்டிகிள்ஷிப் கடினம் என்பது அதற்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். இன்டர் தேறிய பிள்ளை ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தாக வேண்டும். என் காலத்தில் மூன்று ஆண்டு. 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் அதை இரண்டாக்கியிருக்கிறார்கள். பயிற்சிக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுபவர் பிரின்சிபல். ஆனால் தினமும் முகம் பார்க்க வேண்டியவர் மேனேஜர். எந்த கிளையன்டுக்குப் போவது, எந்த லெட்ஜரைப் பார்ப்பது, பரீட்சை லீவு எப்போது கிடைக்கும் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். இருபது, இருபத்தோரு வயதில், வேலை என்றால் என்னவென்றே தெரியாமல் வருகிற பிள்ளைக்கு, ‘நான் இதற்கு லாயக்கா’ என்ற கேள்விக்கான பதிலும் அவரிடமே இருப்பதாகத் தோன்றிவிடுகிறது.

பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள் என்னிடம் வந்து பேசும்போது, சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறார்கள். “சேர்ந்தப்போ நல்லாத்தான் பேசினார் மேடம். இப்போ எதைச் செஞ்சாலும் குறை. நாளுக்கு நாள் அதிகமாகுது. நான் என்ன பண்றது?”

இதற்குப் பெரியவர்கள் வைத்திருக்கும் பதில், “நாங்க படாததா? பொறுத்துப் போ. திட்டு வாங்கினாத்தான் தொழில் வரும்.” கூடப் படித்தவர்கள் வைத்திருக்கும் பதில், “அந்த ஆள் டாக்ஸிக். விட்டுட்டு வந்துடு.” இரண்டும் சொல்பவருக்குச் சுலபம். கேட்ட பிள்ளை மறுநாள் காலை அதே நாற்காலியில் போய் உட்கார வேண்டியிருக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகவே இதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

‘நாளுக்கு நாள் அதிகமாகுது’ என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். சேர்ந்த புதிதில் கொடுப்பது வவுச்சிங். ரசீதைப் பார்த்து, தேதியும் தொகையும் ஒத்துப்போனால் டிக் போடுவது. அதில் ஒன்றிரண்டு தவறினாலும் பின்னால் யாராவது பிடித்துவிடுவார்கள். ஆறேழு மாதம் போனால் சரக்கு இருப்பு, வர வேண்டிய பாக்கிகள், ஜி.எஸ்.டி. கணக்கை வாங்கியவர் விற்றவர் இரு பக்கமும் ஒப்பிடுவது என்று கனமான வேலை வருகிறது. யாரும் கூப்பிட்டு உட்கார வைத்து, ‘இனிமேல் உன்னிடம் எதிர்பார்ப்பது வேறு’ என்று சொல்வதில்லை. பழைய வேகத்தில், பழைய கவனத்தில் வேலை செய்கிற பிள்ளைக்குத் திடீரென்று எல்லாமே குறையாகிறது. தான் மோசமாகிக்கொண்டே போவதாக அது நினைக்கிறது. மாறியிருப்பது பெரும்பாலும் அளவுகோல்.

அப்புறம் காலண்டர். ஏப்ரலில் வங்கிக் கிளை ஆடிட். செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் அறிக்கைக்குக் கெடு. ஜூனில் பார்த்த மேனேஜரைச் செப்டம்பர் கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்கமாட்டார். பார்ட்னர் அறைக்குள் போய்விட்டு வெளியே வருகிற அவர் முகமே, உள்ளே என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று சொல்லிவிடும். அது அடுத்த ஐந்து நிமிஷத்தில், பயிற்சியில் இருக்கும் ஓர் ஆர்ட்டிகிள் தலையில் இறங்கும்.

பயமும் இருக்கிறது. இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு இது புரிவது கஷ்டம். 2009 ஜனவரி 7ஆம் தேதி, சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தன் கம்பெனியின் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டியிருந்த ரொக்க, வங்கி இருப்பில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். அதே மாதத்தில் ஆடிட் நிறுவனத்தின் பார்ட்னர்கள் இருவர் கைதானார்கள். அந்தச் செய்தி வந்த நாட்களில் ஆடிட் அலுவலகங்களில் இருந்தவர்கள் யாரும் அதை மறந்திருக்கமாட்டார்கள். வங்கி இருப்புச் சான்றை கிளையன்ட் கையிலிருந்து வாங்கி ஃபைலில் வைத்தாயா, வங்கியிடமிருந்து நேராக வாங்கினாயா என்ற கேள்விக்கு அன்றிலிருந்து வேறொரு கனம் வந்துவிட்டது. 2018இல் தேசிய நிதி அறிக்கை ஆணையமும் வந்தது. ஆடிட்டருக்கு அபராதம் போடவும், தொழில் செய்யவிடாமல் தடை விதிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஓர் ஆர்ட்டிகிள் பச்சைப் பேனாவால் போடும் டிக்கை நம்பித்தான் மேலே ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். நடுவில் நின்று அந்த டிக்கைச் சோதிப்பவர் மேனேஜர். ஆகவே அவர் கறாராக இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஃபைலைப் புரட்டிவிட்டு ‘ஓகே’ என்று சிரித்துக்கொண்டே திருப்பித் தருகிற மேனேஜரிடம் பயிற்சி எடுத்தவர்கள், பின்னால் சொந்தமாகக் கையெழுத்துப் போடும் நாளில் தடுமாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணம் பிள்ளையின் பக்கத்திலேயே இருக்கிறது. இதைச் சொல்லும்போது மனசு கஷ்டப்படுகிறது. திட்டு விழ ஆரம்பித்ததும் பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொள்கிறது. எதைச் சொன்னாலும் “சரி சார்.” புரியவில்லை என்றாலும் “சரி சார்.” சந்தேகத்தைக் கேட்டால் அதற்கும் திட்டு விழுமோ என்று அதைத் தனக்குள்ளேயே வைத்து, தானாக ஒரு முடிவெடுத்து, தப்பாகச் செய்து கொண்டுவருகிறது. அடுத்த திட்டு முன்னதைவிடப் பலமாக விழுகிறது. மேனேஜருக்கு அது அலட்சியமாகத் தெரிகிறது. பிள்ளைக்கு அது பயம். இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து இப்படி மாதக்கணக்கில் ஒருவரையொருவர் தப்பாகப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பயிற்சிக்கு வந்திருந்தாள். அப்போது நான் அதே அலுவலகத்தில் வேலையில் இருந்தேன், அடுத்த மேஜை. ஜூன் மாதம். ஒரு பாத்திரக் கடையின் ரொக்கச் செலவுகளை அவள் பார்த்து முடித்திருந்தாள். வியாபாரச் செலவில் ஒரு நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதை வருமான வரியில் கழிக்க முடியாது. 2017 ஏப்ரலுக்கு முன் அந்த வரம்பு 20,000. இது அவளுக்குத் தெரியும். 10,000க்கு மேற்பட்ட வவுச்சர் எதுவும் இல்லை என்று பார்த்து, எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருந்தாள். மேனேஜர் கட்டைப் புரட்டி இரண்டு வவுச்சர்களை உருவிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று 6,500. இன்னொன்று 7,200. அட்டைப்பெட்டி சப்ளை செய்கிற ஒரே ஆள், ஒரே தேதி.

“ரெண்டையும் கூட்டும்மா.”

“13,700 சார்.”

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அவள் முகம் சிவந்தது. அவளாகவே கேஷ் புக் முழுவதையும் எக்ஸலில் போட்டு, ஆள் வாரியாகவும் தேதி வாரியாகவும் பிரித்து, சாயங்காலத்துக்குள் இதே மாதிரி இன்னும் சிலவற்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். அவள் தொழிலில் இருக்கும்வரை அந்தப் பாடம் போகாது.

செப்டம்பர் கடைசியில் அதே மேனேஜர், அதே பெண். ஒரு ஃபைலை அவள் மேஜைமேல் தொப்பென்று போட்டார். “உனக்கெல்லாம் யாரு இன்டர்ல பாஸ் போட்டது?” அவ்வளவுதான், போய்விட்டார். எந்தப் பக்கம், எந்தக் கணக்கு, எதுவும் இல்லை. அவள் அந்த ஃபைலை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை இரவு எட்டரை வரை புரட்டிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே புரட்டினாள். குடோன் வாடகை ஒப்பந்தத்தின் நகல் ஃபைலில் இல்லை என்பது இரண்டு நாள் கழித்து வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. “நகல் இல்லை, வாங்கி வை” என்று நான்கு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

இரண்டு தடவையும் அவள் தவறியது உண்மை. முதல் தடவை தவறு தாளில் இருந்தது, தாளிலேயே காட்டப்பட்டது. இரண்டாம் தடவை தாள் மறைந்து ஆள் மட்டும் நின்றாள்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களிடம் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான். குறை சொல்வதை ஓர் ஒழுங்காக வளர்த்தெடுத்தவர்கள் நாங்கள். கிளையன்ட் கணக்கில் ஒரு குறை கண்டால், ‘உங்கள் அக்கவுண்டன்ட் லாயக்கில்லாதவர்’ என்று எழுதமாட்டோம். எந்த வவுச்சர், என்ன தேதி, எவ்வளவு தொகை, எந்த விதி மீறப்பட்டது என்று எழுதுவோம். அதற்குப் போதுமான சான்று ஃபைலில் இருக்க வேண்டும். எழுதியதை நேராக அறிக்கையில் ஏற்றிவிடவும் மாட்டோம். முதலில் கிளையன்டுக்கு அனுப்பி, ‘உங்கள் பதில் என்ன’ என்று கேட்போம். பதில் சரியாக இருந்தால் குறையை நீக்குவோம். சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது. ஆடிட்டர் தன் அறிக்கையில் பாதகமாக ஏதாவது சொன்னால், அது ஒவ்வொன்றுக்கும் கம்பெனியின் இயக்குநர் குழு தன் அறிக்கையில் விளக்கம் தர வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 134ஆம் பிரிவு. அரசுத் துறைகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. அறிக்கையை எடுத்துப் பாருங்கள். குறைக்குக் கீழே துறை சொன்ன பதிலும், அது ஏன் ஏற்கத் தக்கதாக இல்லை என்பதும் இருக்கும். எங்கள் ஃபைலுக்கும் விதி உண்டு. வேலையை யார் செய்தது, என்றைக்கு முடித்தது, யார் சரிபார்த்தது, என்றைக்குச் சரிபார்த்தது என்று ஒவ்வொன்றும் பதிவாக வேண்டும் என்று எஸ்.ஏ. 230 என்ற தணிக்கைத் தரம் சொல்கிறது.

கோடிக்கணக்கில் கணக்கைக் குழப்பியிருக்கும் கிளையன்டுக்கு இவ்வளவு மரியாதை. ஒரு நகல் எடுக்க மறந்த ஆர்ட்டிகிளுக்குச் சான்றும் கிடையாது, பதில் சொல்ல இடமும் கிடையாது. ஒரே கட்டடத்துக்குள், ஒரே ஆட்கள். இது ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

நான் பயிற்சியில் இருந்தபோது செய்து வந்த ஒன்றை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். ஒரு நோட்டில் மூன்று பத்திகளாகக் கோடு போட்டுக்கொள். முதலில், சொல்லப்பட்ட குறை, சொன்ன வார்த்தையிலேயே. நடுவில், அது எந்த ஃபைலின் எந்தத் தாளைப் பற்றியது. கடைசியில், உன் பதில்: ஆமாம் தப்புதான், இப்படித் திருத்தினேன், அல்லது, இல்லை, காரணம் இது. நடுப் பத்தியில் எழுத எதுவும் இல்லையென்றால் காலியாக விடு. தினமும் வீட்டுக்குக் கிளம்புமுன் பத்து நிமிஷம் போதும்.

சில வாரம் எழுதினால் நோட்டே பேச ஆரம்பித்துவிடும். நடுப் பத்தி பெரும்பாலும் நிரம்பியிருந்தால், குறைகளின் எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும் உனக்கு வேலை சொல்லித்தரப்படுகிறது என்று அர்த்தம். குரல் கடுமையாக இருக்கலாம், வலிக்கலாம். ஆனாலும் அது பயிற்சி. ஒரே மாதிரி தாள் திரும்பத் திரும்ப வந்தால் எதைப் படிக்க வேண்டும் என்றும் தெரிந்துவிடும். நடுப் பத்தி காலியாகவே போய்க்கொண்டிருந்தால் அந்த வார்த்தைகள் உன் வேலையிலிருந்து பிறந்தவை அல்ல. அவற்றைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்த் தூங்காமல் கிடப்பதில் நியாயமே இல்லை.

அவள் எழுதினாள். அத்தனை கலவரத்துக்குப் பிறகும் நடுப் பத்தி பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. அதைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியம். மேனேஜர் தன்னை வெறுக்கிறார் என்று முடிவுகட்டியிருந்தவள், தனக்கு வட்டிக் கணக்கும் தேய்மானமும் சரியாக வராதது எத்தனை தடவை பதிவாகியிருக்கிறது என்று பார்த்தாள்.

அடுத்தது போய்ப் பேசுவது. இதில் நேரம் முக்கியம். கெடு தேதிக்கு முந்தின வாரம் எந்த நியாயமும் எடுபடாது. கெடு முடிந்து, மேனேஜர் சாவகாசமாக டீ குடிக்கிற ஒரு நாளில் போக வேண்டும். அந்த நோட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போகக் கூடாது, “என்ன, நான் பேசினதை எல்லாம் எழுதி வச்சிருக்கியா?” என்று கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு எந்தப் பேச்சும் நடக்காது. நடுப் பத்தி நிரம்பியவற்றை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். அவள் அப்படித்தான் போனாள். “சார், நீங்க சொன்ன பாயிண்ட்ஸ். எனக்குப் புரிஞ்ச மாதிரி திருத்தியிருக்கேன். சரியான்னு பாத்துச் சொன்னா அடுத்த ஃபைல்ல உங்களுக்கு வேலை குறையும்.” அவர் உட்காரச் சொன்னார். தேய்மானத்தை ஒரு தாளில் போட்டுக் காட்டினார். ஒரு குறையைப் படித்துவிட்டு, “இது நீ செஞ்சது சரிதான், நான்தான் போன வருஷ பேலன்ஸைப் பாத்துட்டேன்” என்று அவரே அடித்தார்.

அதற்குப் பிறகு குறைகள் குறைந்தனவா என்றால், இல்லை. ஆனால் பெரும்பாலும் பக்க எண்ணோடு வந்தன. கத்தல் கொஞ்ச நாள் நின்று, மறுபடி மார்ச்சில் தலைகாட்டியது. அவர் மாறிப்போனார் என்று நான் எழுதினால் அது பொய். அவளிடம் பதில் இருக்கிறது, கேட்டால் சொல்வாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த நோட்டு வேலைக்காகாத இடங்கள் உண்டு. குறை வேலையைத் தாண்டிப் பேச்சுக்கும் ஊருக்கும் போய்விடுகிற இடங்கள். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளை கிளையன்ட் முன்னால் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தடுமாறினால், அதை அலுவலகத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் நடித்துக் காட்டுகிற மேனேஜர்கள் இருக்கிறார்கள். “உங்க ஊர்ல இதெல்லாம் சொல்லித்தரமாட்டாங்களா” என்பதில் தொடங்கி, அப்பா என்ன செய்கிறார், எந்தத் தெரு என்று போகிற விசாரிப்பு எங்கே போய் முடியும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இதைப் பொறுத்துப்போ என்று சொல்கிற பெரியவர்களோடு நான் சண்டை போடுவேன். இதற்கு மேனேஜரிடம் போய்ப் பயனில்லை; பிரின்சிபலிடம்தான் போக வேண்டும், தனியாகப் போகாமல் இன்னொரு ஆர்ட்டிகிளையும் கூட்டிக்கொண்டு, தேதியும் வார்த்தையும் சொல்லி. பயிற்சி பெறுபவரின் முழுப் பொறுப்பும் சி.ஏ. இன்ஸ்டிடியூட்டின் முன் அவருடையது. பெண் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தில் ‘ஊழியர்’ என்றால் பயிற்சி பெறுபவரும் அடக்கம். சம்பளம் வாங்காதவள் புகார் கொடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

விட்டுப் போவது பற்றி. ஆர்ட்டிகிள்ஷிப்பை மற்ற வேலையைப் போல நினைத்தவுடன் விட்டுவிட முடியாது. ஃபாரம் 109இல் பிரின்சிபல் கையெழுத்துப் போட வேண்டும். வேறு அலுவலகம் கிடைக்க வேண்டும். அதற்குள் தேர்வு வந்துவிடும். இதைப் பயன்படுத்தியே பிள்ளைகளை மிரட்டி வைத்திருக்கிற அலுவலகங்கள் உண்டு. ஆனால் வழி இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, வேறொரு அலுவலகத்தில் பயிற்சியில் இருந்தான். இதே நோட்டை எழுதி எடுத்துக்கொண்டு வந்தான். நடுப் பத்தியில் ஆங்காங்கே ஒன்றிரண்டு எழுத்து, மற்றதெல்லாம் வெள்ளை. பிரின்சிபலிடம் ஒரு தடவை சொல்லியும் பார்த்திருந்தான். “அவர் அப்படித்தாம்ப்பா, மனசுல எதுவும் இல்ல” என்று அனுப்பிவிட்டார். அவன் அப்பா பொறுத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நோட்டை அவரிடமே காட்டு என்றேன். அவர் மளிகைக் கடைக்காரர், ஆடிட் தெரியாது; ஆனால் கணக்கு தெரியும். ஒரு பக்கம் முழுக்கப் படித்துவிட்டு, மறுநாளே மகனோடு கிளம்பி வந்து பிரின்சிபலைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. கையெழுத்து கிடைத்தது.

கோயம்புத்தூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்தான். முதல் ஃபைலுக்கே ரிவ்யூவில் இரண்டு பக்கம் நிறையக் குறைகள். “இங்க முன்ன இருந்த இடத்தைவிட ஸ்ட்ரிக்ட்டுக்கா, எழுத்துப் பிழையைக்கூட விட மாட்டேங்கறாங்க” என்று போனில் சொன்னான். குறைகளை ஒவ்வொன்றாக எனக்குப் படித்துக் காட்டினான். எல்லாவற்றுக்கும் தாள் எண் இருந்தது. இரண்டு குறைகள் தப்பு என்று அவனுக்குத் தோன்றியது, அப்படியே பதில் எழுதியிருக்கிறேன் என்றான். அதில் ஒன்றை ஒப்புக்கொண்டார்களாம். இன்னொன்றில் அவன் நினைத்தது தப்பு என்று விதியை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள், அதைத்தான் இப்போது படித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.